சென்னையில் நட்சத்திரக் கள்ளி வளர்க்கப் போகிறீர்களா? செடி வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல் வந்தபோது என்னிடம் மூன்று நட்சத்திரக் கள்ளிகள் இருந்தன. மடிப்பாக்கத்தில் இரண்டாவது மாடி. வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை, ஆனால் இரண்டு நாள் சாரல் பால்கனிக்குள் அடித்துக்கொண்டே இருந்தது, கரன்ட் இல்லை, குடிதண்ணீருக்கே அலைந்த நேரத்தில் செடி ஞாபகம் யாருக்கு வரும். பத்து நாள் கழித்துத் தொட்டுப் பார்த்தேன், ஒன்று விரலுக்குக் கீழே பஞ்சு மாதிரி அமுங்கியது. அடுத்த வாரத்தில் மற்ற இரண்டும் போய்விட்டன. ஒரு ரூபாய் நாணய அளவில் வாங்கிய செடிகள் அவை, இரண்டு வருடத்தில்தான் பத்து ரூபாய் நாணயத்தைத் தாண்டியிருந்தன. அவ்வளவு மெதுவாக வளரும் ஒன்றை இழப்பது வேறு செடியை இழப்பது போல இல்லை.

புயல் மட்டும் காரணம் இல்லை என்று தொட்டியைக் கவிழ்த்தபோது புரிந்தது. மண் களிமண் மாதிரி இறுகியிருந்தது, நடுவில் வாங்கியபோது இருந்த தேங்காய் நார்த்தூள் உருண்டை அப்படியே ஈரத்தோடு இருந்தது. மழை வராமல் இருந்திருந்தால் இன்னும் ஆறு மாதம் தாங்கியிருக்கும், அவ்வளவுதான். அதற்குப் பிறகு எல்லாவற்றையும் தலைகீழ் வரிசையில் செய்தேன்: முதலில் இடம், அப்புறம் மண், அப்புறம் மழைக்கு ஏற்பாடு, கடைசியில்தான் செடி. அடுத்த மழைக்காலத்தில் ஒன்றுகூடப் போகவில்லை. கீழே இருப்பது அதே வரிசை.

1. எந்தக் கள்ளி என்பதில் தெளிவாக இருங்கள்

நட்சத்திரக் கள்ளி என்று நான் சொல்வது, தாவரவியல் பெயரில், அஸ்ட்ரோபைட்டம் அஸ்டீரியாஸ். முள்ளே கிடையாது. தட்டையான உருண்டை, பெரும்பாலும் எட்டுப் பிரிவுகள், ஒவ்வொரு பிரிவின் நடுவிலும் பஞ்சுப் பொட்டு வரிசை, உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளிகள். முழுதாக வளர்ந்தாலும் அகலம் 5 முதல் 15 செ.மீ., உயரம் ஒரு கட்டை விரல் அளவைத் தாண்டாது. டெக்சாஸின் தென் முனையிலும் அதையொட்டிய மெக்சிகோவிலும் மண்ணோடு மண்ணாகப் புதைந்து வாழும் செடி.

நம் ஊரில் கள்ளி என்றாலே பால் வடியும் சதுரக்கள்ளி, திருகுகள்ளிதான் நினைவுக்கு வரும். அவை வேறு குடும்பம், அவற்றுக்குச் சரியான பராமரிப்பு இதற்குச் சரிப்படாது. கடைகளிலும் இரண்டையும் ஒரே மேஜையில் வைத்து ஒரே பெயரில் விற்கிறார்கள். கிள்ளினால் வெள்ளைப் பால் வந்தால் அது நட்சத்திரக் கள்ளி இல்லை. அந்தப் பால் கண்ணில் பட்டால் மோசமாக எரியும், அதனால் கடையில் சோதித்துப் பார்க்கவும் வேண்டாம், தெரிந்துவைத்தால் போதும். வேலியோரம் நிற்கும் சப்பாத்திக்கள்ளிதான் இதற்கு உண்மையான உறவு.

முள்செடி வீட்டில் ஆகாது என்பது எங்கள் வீட்டிலும் பேச்சு. "இதுல முள்ளே இல்லையேம்மா" என்று மாமியார் கையில் கொடுத்தேன், தடவிப் பார்த்துவிட்டு அவரே கிழக்குப் பக்கம் வைக்கச் சொன்னார். இப்போது சாரல் வந்தால் எனக்கு முன்னால் அவர் போய்த் தொட்டிகளை உள்ளே எடுத்துவைக்கிறார்.

2. இடத்தைப் பாருங்கள், ஒரு வாரம் பாருங்கள்

காலை வெயில் நான்கு, ஐந்து மணி நேரம் நேராக விழ வேண்டும். கிழக்குப் பார்த்த பால்கனி சிறப்பு. தெற்கும் நடக்கும். மேற்கு என்றால் மார்ச் முதல் ஜூன் வரை ஐம்பது சதவீத நிழல்வலை கட்டாயம், ஏனென்றால் மதியம் இரண்டு மணிக்கு மேல் கைப்பிடிச் சுவரும் தரையும் சேர்ந்து கக்கும் சூட்டில் தொட்டிக்குள் வேர் வெந்துவிடும். வடக்கு மட்டும்தான் இருக்கிறது என்றால் இந்தச் செடி வேண்டாம். நிழலில் வைத்தால் உடனே சாகாது, மேலே மேலே நீண்டு வடிவம் கெட்டு, மண் காயாமல், ஆறேழு மாதத்தில் அழுகும்.

வரவேற்பறை மேஜை, கம்ப்யூட்டர் பக்கத்தில், குளியலறை ஜன்னல்: படத்தில் அழகாக இருக்கும். வேண்டாம்.

மொட்டை மாடியில் வைக்கலாம் என்றால் கண்ணாடிக் கூரை போல ஏதாவது வேண்டும், அது ஐந்தாவது படியில் வருகிறது. அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் அதற்கு முன் சங்கத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். வாய்ப்பேச்சில் சரி என்பார்கள், அப்புறம் ஏதாவது ஒரு வீட்டில் மேல்தளம் ஒழுகினால் முதல் பழி உங்கள் தொட்டி மேல் விழும். எத்தனை தொட்டி, எந்த மூலை, அடியில் ஸ்டாண்ட் உண்டு, தண்ணீர் தேங்காது என்று நான்கு வரி எழுதித் தேதி போட்டுக் கொடுத்தாலே போதும். வாடகை வீடு என்றால் வலை கட்டச் சுவரில் ஆணி அடிப்பதற்கு வீட்டுக்காரர் சம்மதத்தை ஒரு வாட்ஸ்அப் செய்தியாகவாவது வைத்துக்கொள்ளுங்கள். அட்வான்ஸ் திரும்ப வாங்கும்போது உதவும்.

3. மண்: இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

"கேக்டஸ் மிக்ஸ்" என்று பாக்கெட்டில் வருவதை நான் மூன்று தடவை வாங்கினேன். மூன்றிலும் பாதிக்கு மேல் தேங்காய் நார்த்தூள். அது பெங்களூரிலோ ஊட்டியிலோ எப்படியோ தெரியாது, நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் காயவே காயாது. இன்னொரு தொல்லை, முழுக்கக் காய்ந்துவிட்டால் அதுவே தண்ணீரை உள்ளே விடாது, ஓரமாக வழிந்து ஓடிவிடும்.

இப்போது நான் போடும் கலவை, ஒரே கிண்ணத்தால் அளந்தது:

பியூமிஸ் கல் (துளைகள் நிறைந்த, எடை குறைந்த எரிமலைக் கல்), 3 முதல் 5 மி.மீ., மூன்று கிண்ணம். உடைத்த செங்கல் அல்லது கரடான ஆற்று மணல், அதே அளவு பருமன், இரண்டு கிண்ணம். சலித்த மண்புழு உரமும் செம்மண்ணும் சேர்த்து ஒரு கிண்ணம். விருப்பப்பட்டால் ஒரு கைப்பிடி அடுப்புக்கரித் துண்டு.

பியூமிஸ் நான் வாங்கியபோது இரண்டு கிலோ 250 ரூபாய் ஆனது, ஆன்லைனில் வாங்கினால் கல்லைவிட கூரியர் அதிகமாகிவிடும், பக்கத்து நர்சரியில் கேட்டுப் பாருங்கள். செங்கலுக்குச் செலவே இல்லை, வீடு கட்டும் இடத்தில் உடைந்த துண்டு கேட்டால் தருவார்கள். சாக்கில் சுற்றிச் சுத்தியலால் தட்டி, டீ வடிகட்டியை விடக் கொஞ்சம் பெரிய கண் உள்ள சல்லடையில் சலித்து, தூளை எறிந்துவிட்டுக் கற்களை மட்டும் எடுத்துத் தண்ணீர் தெளியும் வரை கழுவுங்கள். தூள் போகாவிட்டால் செய்த வேலை அத்தனையும் வீண். தூள்தான் இடைவெளிகளை அடைத்து மண்ணைச் சிமென்ட் ஆக்குகிறது. எம்-சாண்ட் போடலாமா என்று கேட்பார்கள்: அதிலும் தூள் அதிகம், நன்றாகச் சலித்துக் கழுவினால் சமாளிக்கலாம். கடற்கரை மணல் கூடவே கூடாது, உப்பு.

இப்போது ஒரு சோதனை. செடி வாங்கும் முன் செய்யுங்கள், இது ஒன்றைச் செய்தாலே பாதி ஆபத்து போய்விடும். தொட்டியில் வெறும் கலவையை நிரப்பி, சமையலறைத் தராசில் காய்ந்த எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். நன்றாக நனைத்து, வடிந்ததும் மறுபடி எடை. செடி வைக்கப்போகும் அதே இடத்தில் வைத்துத் தினமும் ஒரு தடவை நிறுங்கள். கோடையில் நான்கு நாள், மற்ற மாதங்களில் ஆறு நாளுக்குள் காய்ந்த எடைக்குப் பக்கத்தில் வர வேண்டும். வராவிட்டால் உரம், செம்மண்ணைக் குறைத்துக் கல்லைக் கூட்டுங்கள். யார் சொன்ன அளவையும்விட, என் அளவையும் சேர்த்துத்தான், உங்கள் பால்கனியில் அந்தத் தராசு காட்டும் எண் நம்பகமானது.

4. தொட்டி

நட்சத்திரக் கள்ளிக்கு வேர் முள்ளங்கி மாதிரி தடித்துக் கீழே இறங்கும், அதனால் அகலத்தைவிட ஆழம் முக்கியம். செடியைவிட ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை செ.மீ. அதிகம் இருந்தால் போதும். பெரிய தொட்டியில் வைத்தால் வேகமாக வளரும் என்று நினைக்காதீர்கள், வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடக்கும்.

மண்தொட்டியா பிளாஸ்டிக்கா? சென்னைக்கு என் ஓட்டு மண்தொட்டிக்குத்தான், பக்கச் சுவர் வழியாகவும் ஈரம் போய்விடும். மூன்று அங்குலத் தொட்டி 20, 25 ரூபாய்க்குள் கிடைக்கிறது. அடியில் ஓட்டை சின்னதாக இருந்தால் பெரிதாக்கி ஒரு துண்டு கொசுவலை போடுங்கள். அடியில் ஜல்லி அடுக்குப் போடும் பழக்கம் வேண்டாம், அது வடிகாலைக் கூட்டுவதில்லை, ஈரம் நிற்கும் இடத்தை வேருக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறது. ஓட்டை இல்லாத பீங்கான் கப், கண்ணாடிக் கிண்ணம் இவற்றில் நட்டுப் பரிசாகக் கொடுக்கிறார்கள். அப்படி வந்தால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

5. மழைக்கு ஏற்பாடு, செடிக்கு முன்பே

சென்னையில் கள்ளியைக் கொல்வது அக்னி நட்சத்திரம் இல்லை. ஐப்பசி, கார்த்திகைதான். வெயில் இல்லாமல், காற்றிலும் ஈரம், மண்ணிலும் ஈரம், நாள் கணக்கில். ஜூன் முதல் செப்டம்பர் வரை வரும் மாலை மழையில்கூடச் செடி தாங்கும், மறுநாள் வெயில் அடித்துவிடும். வடகிழக்குப் பருவமழையில் அந்த மறுநாள் வெயில் வராது.

மேலே ஒளி ஊடுருவும் ஷீட், பக்கங்கள் திறந்து. இவ்வளவுதான் தேவை. பால்கனியில் சாரல் அடிக்கும் பக்கம் மட்டும் தடித்த பாலிதீன் திரையைச் சுருட்டி இறக்கும்படி கட்டினேன், கம்பி, கயிறு எல்லாம் சேர்த்து 400 ரூபாய் ஆனது. நான்கு பக்கமும் மூடினால் உள்ளே வியர்த்து, மழையில் நனைந்ததைவிட மோசம். புயல் எச்சரிக்கை வந்தால் யோசிக்காமல் எல்லாத் தொட்டிகளையும் ஒரு தட்டில் வைத்து வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுங்கள். ஒரு வாரம் வெளிச்சம் குறைவாக இருந்தால் ஒன்றும் ஆகாது. மண் காய்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். கரன்ட் இருக்கும் நேரத்தில் டேபிள் ஃபேனைப் பக்கத்தில் ஓடவிடுங்கள்.

6. செடி வாங்குதல்: எப்போது, எங்கே, என்ன கேட்பது

எப்போது என்றால் தை பிறந்ததும். மழை முடிந்து, வெயில் ஏறுவதற்கு முன், செடிக்கு இரண்டு மாதம் கிடைக்கும் பழகிக்கொள்ள. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாங்கவே வேண்டாம், கூரியரில் வரவழைக்கவும் வேண்டாம், பார்சல் எங்காவது மாட்டிக்கொண்டால் நான்கு நாளில் அழுகிவரும்.

கதீட்ரல் சாலை செம்மொழிப் பூங்காவில் மலர்க் கண்காட்சி நடக்கும் சமயம், கிழக்குக் கடற்கரைச் சாலையோர நர்சரிகள், மாதவரம் பக்கம், இப்படி நேரில் போய்ப் பார்த்து எடுப்பதையே முதலில் முயற்சி செய்யுங்கள். அபூர்வ ரகங்கள் ஆன்லைனில் சேகரிப்பாளர்களிடம்தான் கிடைக்கும், அது இரண்டாவது செடிக்கு.

கேட்க வேண்டிய முதல் கேள்வி: "ஒட்டா, சொந்த வேரா?" இரண்டும் தப்பில்லை. டிராகன் ஃப்ரூட் தண்டின்மேல் ஒட்டிய செடி வேகமாக வளரும், விலை குறைவு, மழையிலும் கொஞ்சம் தாங்கும். ஆனால் அந்தத் தண்டு ஒருநாள் பட்டுப்போகும், அப்போது மேலே இருப்பதைக் காப்பாற்றும் வேலை உங்களுக்கு வரும். சொந்த வேர்ச் செடி மெதுவாகத்தான் போகும், உண்மையான தட்டை வடிவம் அதில்தான் வரும். சிலர் ஒட்டுத் தண்டை மண்ணுக்குள் புதைத்துச் சொந்த வேர் என்று விற்கிறார்கள், அதனால் கழுத்துப் பக்கம் மண்ணை விரலால் லேசாக விலக்கிப் பாருங்கள். ஆன்லைனில் என்றால் வேர் தெரியும்படி படம் கேளுங்கள். அனுப்பத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள்.

கடையில் இன்னும் நான்கு விஷயம். பக்கவாட்டில் மெல்ல அழுத்திப் பாருங்கள், கெட்டியாக இருக்க வேண்டும். பொட்டுகளின் ஓரத்தில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருந்தால் அது செடியின் பஞ்சா மாவுப்பூச்சியா என்று உற்றுப் பாருங்கள், குச்சியால் தொட்டால் பூச்சி பிசுபிசுக்கும். மேலே பளிச்சென்று காகிதம் மாதிரி பூ இருந்தால் அது பசையால் ஒட்டிய காய்ந்த பூ, எடுத்தால் செடியில் புண். மேல் கற்கள் ஒரே பாளமாக ஒட்டியிருந்தாலும் விட்டுவிடுங்கள்.

விலை, நான் கொடுத்தவை: ஒன்றரை செ.மீ. நாற்று 120 ரூபாய், 4 செ.மீ. சொந்த வேர்ச் செடி 450, அதே அளவு ஒட்டுச்செடி 280. "சூப்பர் கபுட்டோ" என்று வெள்ளைப் புள்ளி அடர்ந்த ஜப்பானியத் தேர்வு ரகம் பல மடங்கு விலை சொல்வார்கள். முதல் செடியாக அதை வாங்காதீர்கள். சாதாரண 4 செ.மீ. செடிதான் ஆரம்பத்துக்கு நல்லது, நாற்று மலிவு என்றாலும் தவறைத் தாங்காது.

வெளிநாட்டுத் தளங்களில் விதை மலிவாகத் தெரியும். அங்கே ஜாக்கிரதை. செடியோ விதையோ இந்தியாவுக்குள் வர, நம் தாவரத் தனிமைப்படுத்தல் துறையின் இறக்குமதி அனுமதியும் அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். 2003இல் வந்த ஆணை அது. அதற்கு மேல் நட்சத்திரக் கள்ளி அழியும் உயிரினங்களின் பன்னாட்டு வணிக ஒப்பந்தமான சைட்டீஸின் முதல் பட்டியலில் இருக்கிறது, அதற்குத் தனி அனுமதிச் சீட்டு. இவை எதுவும் இல்லாமல் "பரிசுப் பொருள்" என்று எழுதி அனுப்புகிறோம் என்பவர்களிடம் வாங்கினால் பார்சல் பறிபோகலாம், அதைவிட, அது காட்டிலிருந்து பிடுங்கிய செடியாகவும் இருக்கலாம். உள்ளூரில் வளர்த்தவர்களிடமே நல்ல செடியும் விதையும் கிடைக்கும்போது அது தேவையே இல்லை. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்குப் பெட்டியில் வைத்துக் கொடுத்தனுப்பலாம் என்று நினைப்பவர்களுக்கும் இதே பதில்தான்.

7. வந்த அன்றும் அடுத்த மூன்று வாரமும்

தொட்டியிலிருந்து எடுங்கள். நார்த்தூள் உருண்டையை முழுதாக உதிர்த்துவிடுங்கள், நடுவில் ஒளிந்திருப்பதையும். உதிராவிட்டால் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவலாம். வேரில் வெள்ளை மாவு மாதிரி இருந்தால் அது வேர் மாவுப்பூச்சி, முழு வேரையும் அலசி, வேப்பெண்ணெயும் சோப்பும் கலந்த தண்ணீரில் முக்கி எடுங்கள்.

அப்புறம் நிழலில், காகிதத்தின் மேல், ஐந்து நாள் வெறுமனே கிடக்கட்டும். இதைச் செய்ய யாருக்கும் மனம் வராது, எனக்கும் வரவில்லை. ஆனால் அறுந்த வேர்கள் ஆறாமல் நட்டால் அங்கிருந்துதான் அழுகல் ஏறும். ஐந்து நாள் கழித்துக் காய்ந்த கலவையில் நட்டு, மேலே அரை அங்குலம் கற்கள் போட்டு, இன்னும் ஒரு வாரம் தண்ணீர் ஊற்றாமல் விடுங்கள்.

வெயிலுக்குப் படிப்படியாகத்தான் கொண்டுபோக வேண்டும். நர்சரியில் நிழல்வலைக்குக் கீழே இருந்த செடி அது. முதல் வாரம் வெளிச்சமான நிழல், இரண்டாவது வாரம் காலை ஒரு மணி நேரம், மூன்றாவது வாரம் இரண்டு மூன்று மணி நேரம். ஒரே நாளில் வெயிலில் வைத்தால் ஒரு பக்கம் வெளுத்துப் பிறகு பழுப்பாகும், அந்தத் தழும்பு போகவே போகாது.

8. தண்ணீர்

"வாரத்துக்கு ஒரு தடவை ஒரு டம்ளர் ஊத்துங்கம்மா, அது பாட்டுக்கு வளரும்." கடையில் எனக்குச் சொன்னது இது. நல்ல மனதோடுதான் சொன்னார், ஆனால் நவம்பரில் அதையே செய்தால் செடி போய்விடும்.

நாள் கணக்கை மறந்துவிட்டு மண்ணைக் கேளுங்கள். ஒரு மூங்கில் குச்சியை அடிவரை செருகி அரை மணி நேரம் கழித்து எடுங்கள், கொஞ்சமாவது கருத்து ஈரம் தெரிந்தால் வேண்டாம். காய்ந்திருந்தால் இன்னும் இரண்டு மூன்று நாள் விட்டு, அடி ஓட்டை வழியே வடியும் வரை ஒரே தடவையாக ஊற்றுங்கள். தினமும் ஸ்பூனில் தெளிப்பதுதான் மிக மோசமான முறை, மேலே ஈரம், அடிவேருக்குப் பட்டினி.

என் வீட்டில் சராசரியாக வருவது: தை, மாசியில் பத்து நாளுக்கு ஒரு தடவை. பங்குனியில் வாரம் ஒன்று. அக்னி நட்சத்திர நாட்களில் பத்து, பன்னிரண்டு நாளுக்கு ஒன்று, அதுவும் சூரியன் சாய்ந்து தொட்டி ஆறிய பிறகு. அந்த வெக்கையில் செடி வளர்ச்சியை நிறுத்தி அடங்கிவிடுகிறது, இரவும் சூடாக இருப்பதால் ஈரமும் சூடும் சேர்ந்தால் வேர் வேகும். ஆடி முதல் புரட்டாசி வரை வாரம் ஒன்று, மழை பெய்தால் தள்ளிப் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மாதம் ஒரு தடவை, இல்லை அதுவும் இல்லை. மார்கழியில் வெயில் தொடர்ந்து மூன்று நாள் அடித்த பிறகு ஒன்று.

தண்ணீர் குறைந்தால் செடி சப்பையாகி மண்ணோடு அமுங்கும். பயப்படாதீர்கள், அதன் ஊரில் வறட்சிக் காலத்தில் அப்படித்தான் பதுங்குகிறது, ஒரு தடவை ஊற்றினால் மூன்று நாளில் உப்பிவிடும். காய்ந்துகிடந்த செடிக்கு அடுத்தடுத்து ஊற்றினால்தான் ஆபத்து, தோல் பொறுக்காமல் பிளந்துவிடும்.

எந்தத் தண்ணீர்? நம் போர்வெல் தண்ணீர் பல இடங்களில் உப்பு, கடினம். ஒரே வருடத்தில் தொட்டியின் ஓரத்தில் வெள்ளைப் படிவமும் செடியின் அடியில் கறையும் வந்துவிடும். மழைத் தண்ணீரை இரண்டு கேனில் பிடித்து மூடி வைத்துக்கொண்டால் சின்னத் தொட்டிகளுக்கு மாதக்கணக்கில் வரும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரும் நல்லது, உப்பே இருக்காது. ஆனால் ஆர்.ஓ. எந்திரம் வெளியே தள்ளும் கழிவு நீரைச் செடிக்கு ஊற்றும் பழக்கம் நிறைய வீடுகளில் இருக்கிறது. பிரித்தெடுத்த உப்பு மொத்தமும் அதில்தான் இருக்கிறது, கள்ளிக்குக் கூடாது.

9. உரம், சுருக்கமாக

நைட்ரஜன் குறைந்த திரவ உரம், பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவில் கால் பங்கு, பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையும் ஜூலை முதல் செப்டம்பர் வரையும் மாதம் ஒரு தடவை. இல்லாவிட்டாலும் செடி இருக்கும். அரிசி களைந்த தண்ணீர், டீத்தூள், முட்டை ஓடு, மோர் எதுவும் வேண்டாம். மல்லிகைக்கும் கறிவேப்பிலைக்கும் ஊற்றுங்கள், அவை சந்தோஷப்படும். இங்கே ஊற்றினால் பூஞ்சையும் எறும்பும்தான் வரும், எறும்பு வந்தால் மாவுப்பூச்சியைக் கூட்டி வரும்.

10. கெட்டுப்போகிறது என்று எப்படித் தெரியும்

அடியிலிருந்து பழுப்பாகி மரப்பட்டை மாதிரி கெட்டியாவது வயது. அதைப் பார்த்துப் பதறி நான் ஒரு நல்ல செடியைப் பிடுங்கியிருக்கிறேன். பழுப்போ ஆரஞ்சோ எந்த நிறமாக இருந்தாலும் தொட்டால் மெத்தென்று அமுங்கினால் மட்டுமே அழுகல். அப்போது நாளை என்று தள்ளாதீர்கள். உடனே பிடுங்கி, ஸ்பிரிட்டில் துடைத்த பிளேடால் அடியிலிருந்து சீவுங்கள். வெட்டிய முகம் முழுக்க ஒரே பச்சை வெள்ளையாக, நடுவளையத்தில் ஒரு புள்ளிகூடக் கறை இல்லாமல் வரும் வரை. ஒவ்வொரு சீவலுக்கும் பிளேடைத் துடையுங்கள்.

நட்சத்திரக் கள்ளி வெட்டிய பிறகு மறுபடி வேர் விடுவது கடினம், அதனால் மிஞ்சியதை டிராகன் ஃப்ரூட் தண்டின்மேல் ஒட்டுவதுதான் நம்பகமான வழி. தண்டையும் சமமாக வெட்டி, இரண்டின் நடுவளையமும் ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சமாவது படும்படி உட்காரவைத்து, ரப்பர் பேண்டால் தொட்டியோடு சேர்த்து இறுக்காமல் கட்டி, ஒரு வாரம் நிழலில். இந்த ஒரு காரணத்துக்காகவே ஒரு டிராகன் ஃப்ரூட் தொட்டி மாடியில் வைத்திருக்கிறேன்.

மாவுப்பூச்சிக்குக் காது குடையும் பஞ்சுக் குச்சியை எழுபது சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் தொட்டு, மாலையில், ஒவ்வொன்றாகத் தடவுங்கள், ஐந்து நாள் இடைவெளியில் மூன்று தடவை. தோல் மேல் துருப்பிடித்த மாதிரி நுண்ணிய புள்ளிகள் உச்சியிலிருந்து பரவினால் செஞ்சிலந்தி, கோடையில் வரும். வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மி.லி., சில சொட்டுச் சோப்புடன், வெயில் போன பிறகு தெளியுங்கள். எண்ணெய் பட்ட செடியை மறுநாள் நேர் வெயிலில் வைத்தால் கருகிவிடும்.

அணில் இருக்கும் இடம் என்றால் கம்பி வலை போடுங்கள். முள் இல்லாத செடி, வெயில் காலத்தில் அதற்கு இது தண்ணீர்ப் பழம்.

11. பூவும் விதையும்

4, 5 செ.மீ. வந்த செடி நல்ல வெளிச்சத்தில் இருந்தால் பூக்கும். நடு உச்சியில் மஞ்சள் பூ, தொண்டையில் செம்மஞ்சள், செடியளவுக்கே அகலம். உச்சி வெயிலில் விரிந்து மாலையில் மூடி, இரண்டு மூன்று நாள் நிற்கும். தன் மகரந்தத்தால் காய் பிடிக்காது, விதை வேண்டுமென்றால் வெவ்வேறு விதையிலிருந்து வந்த இரண்டு செடிகள் ஒரே நாளில் பூக்க வேண்டும், மெல்லிய தூரிகையால் மாற்றி மாற்றித் தொட வேண்டும். இரண்டு செடியாகவே வாங்குங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

காய் காய்ந்து வெடித்ததும் விதையை வைத்துக்கொண்டிருக்காதீர்கள், முளைப்புத் திறன் சீக்கிரம் குறையும். அதே கலவையை இன்னும் பொடியாகச் சலித்து, இட்லிக் குண்டானில் அரை மணி நேரம் ஆவியில் வேகவைத்து, ஆறவிடுங்கள். சின்னப் பிளாஸ்டிக் தொட்டியில் நிரப்பி, கொதித்து ஆறிய தண்ணீரில் அடியிலிருந்து நனைத்து, விதையை மேலே தூவி, மண் போட்டு மூடாமல், தொட்டியோடு ஜிப் பைக்குள் போட்டு வெளிச்சமான நிழலில் வையுங்கள். நம் ஊர் வெப்பமே போதும், ஒரு வாரத்துக்குள் பச்சை மணி மாதிரி முளைத்துவிடும். மாசியிலோ ஆவணியிலோ செய்யுங்கள். சித்திரையில் செய்தால் பைக்குள் வெந்துவிடும், கார்த்திகையில் பூஞ்சை பிடிக்கும். இரண்டரை மாதம் கழித்துப் பையைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, பத்து நாளில் எடுத்துவிடலாம். ஒரு வருடத்தில் பட்டாணி அளவு வரும், அதுவரை ஒன்றோடொன்று ஒட்டி இருக்கட்டும், தனித்தனியாகப் பிரித்து நட அடுத்த தை வரை பொறுங்கள்.